பந்தைப் பின்னால் தள்ளக் கற்றவர்கள்

என் மகள் இடம்பெற்றிருக்கும் பள்ளிப் பெண்கள் ஹாக்கி அணி, சென்ற கல்வியாண்டில் பாரதியார் தினக் குழு விளையாட்டுப் போட்டிகளின் முதற்கட்டமான குறுவட்டச் சுற்றிலேயே ஆறு கோல்கள் வாங்கி, ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது. அதே அணி, ஏறக்குறைய அதே பெண்கள், இவ்வாண்டு குறுவட்டத்தில் வென்று, தூத்துக்குடி வருவாய் மாவட்ட அளவில் பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதலிடம் பெற்று, மாநிலப் போட்டிவரை சென்று திரும்பியிருக்கிறது. இதற்கு எங்கள் ஊரில் இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. எதிரணிகளின் நல்ல ஆட்டக்காரிகள் வயது வரம்பைக் கடந்து போய்விட்டார்கள் என்பது ஒன்று. எங்கள் அணியின் சென்டர் ஃபார்வர்டு ஒருத்தி தனியாளாக எல்லாவற்றையும் சாதித்துவிட்டாள் என்பது மற்றொன்று. இரண்டும் சரியான விளக்கங்கள் அல்ல என்பதை, ஓராண்டாகக் கையில் ஒரு நோட்டுடன் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும். இதை எழுதுவதில் பெற்றவளின் பெருமிதமும் கலந்திருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் தீப்பெட்டியும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயும்தான் நினைவுக்கு வரும். பாவூர்சத்திரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் திருமணத்துக்கு முன்னால் அவ்வளவுதான் தெரியும். இங்கு வந்த பிறகுதான், மாலையானால் சைக்கிளின் பின்னிருக்கையில் ஹாக்கி மட்டையைச் செருகிக்கொண்டு பையன்கள் மைதானத்துக்குப் போவதையும், கோடையில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும் நாட்களில் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றியே பேச்சு ஓடுவதையும் கண்டேன். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் இடம்பெற்றபோது, ஊரில் பாதிப் பேர் அவர்களுக்குத் தாங்கள்தான் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தது போலப் பேசித் திரிந்தார்கள். என் மாமனாரும் அந்தப் பாதியில் அடக்கம். அவர் இளமையில் சரள் மண் தரையில் விளையாடிய லெஃப்ட் அவுட். முழங்காலில் இன்றும் அதன் தழும்புகள் உண்டு.

ஆனால் இவ்வளவு ஹாக்கிப் பித்துள்ள ஊரிலும் பெண்கள் அணிக்குப் பதினொருவரைச் சேர்ப்பது எளிதாக இல்லை. எட்டாம் வகுப்புவரை ஓடியாடும் பெண்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்ற பெயரில் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். சென்ற ஆண்டு எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமும் பல மாதங்கள் காலியாகக் கிடந்தது. போட்டிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னால் அவசரமாகப் பெயர் கேட்டு, அளவு பொருந்தாத பனியன்களைக் கொடுத்து அனுப்பிய அணி அது. ஆறு கோல் வாங்கியதில் வியப்பு ஒன்றுமில்லை. எனக்கு வருத்தம் தந்தது கோல்களின் எண்ணிக்கை அல்ல. பந்து தன் பக்கம் வரும்போதெல்லாம் அந்தப் பெண்கள் அதைத் தீக்கங்கை உதறுவதுபோல முன்னால் ஓங்கி அடித்துவிட்டு, அது எதிரணியின் மட்டைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் வருத்தம். ஓரத்தில் நின்ற நாங்களோ, "அடி, முன்னால அடி!" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தோம்.

அந்தத் தோல்விக்குப் பிறகு, பக்கத்துத் தெருவில் வசிக்கும் முன்னாள் ஆட்டக்காரி ஒருவர் தாமாக முன்வந்தார். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்கு விளையாடியவர். இப்போது தனியார் அலுவலகமொன்றில் வேலை பார்க்கிறார். சம்பளம் எதுவும் கேட்கவில்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலையில் ஒன்றரை மணி நேரம் பயிற்சி தருவதாகச் சொன்னார். பெண்கள் அவரை 'அக்கா' என்றே அழைத்தார்கள்; நாங்களும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

அவர் முதல் வேலையாகக் கோல் அடிக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டார். பந்தை வாங்குவது, நிறுத்துவது, அருகில் இருப்பவளுக்குத் தள்ளிவிடுவது, இவை மட்டுமே வாரக்கணக்கில் நடந்தன. அதிலும் அவர் மிகவும் வற்புறுத்தியது பின்னால் தள்ளுவதை. முன்னால் வழியில்லை என்றால் நடுவரிசையான ஹாஃப் லைனில் நிற்பவள், பின்வரிசையில் காக்கும் ஃபுல் பேக்குக்குத் திருப்பித் தர வேண்டும். ஃபுல் பேக் மைதானத்தின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே வழி திறந்திருந்தால் போகலாம், இல்லையென்றால் மறுபடியும் பின்னால் வர வேண்டும். என் மாமனாருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "ஏம்மா, கோல் அந்தப் பக்கம் இருக்கு, இவங்க இந்தப் பக்கம் போறாங்களே" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். மற்ற பெற்றோரும் அதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள்.

அக்கா விளக்கம் சொல்பவர் அல்லர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்களைத் தம் வீட்டுக்கு அழைத்து, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் இந்தியப் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவை 1-0 என்று வென்ற ஆட்டத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். குர்ஜித் கவுர் பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோலருகே தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு) அடித்த அந்த ஒரே கோலைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கோல்கீப்பர் சவிதா தடுத்த பந்துகளைச் சிலர் பார்ப்பார்கள். இவரோ இந்திய ஆட்டக்காரி ஒருத்தி பந்தைப் பின்னால் தரும் இடங்களிலெல்லாம் படத்தை நிறுத்தி, அந்த நொடியில் முன்னால் எத்தனை எதிரணியினர் நிற்கிறார்கள் என்று எண்ணச் சொன்னார். துணைக்குப் போயிருந்த நானும் எண்ணினேன். அதற்குப் பிறகு ஆட்டங்களைப் பார்க்கும் என் கண் மாறிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

நோட்டு என் கைக்கு வந்ததும் அந்த நாட்களில்தான். பயிற்சி ஆட்டமொன்றில் நாங்கள் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருக்க, அக்கா என்னிடம் வந்து, "நீங்க கணக்கு எழுதறவங்கதானே, இதையும் எழுதுங்க அக்கா" என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார். நான் தீப்பெட்டி ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். எங்கள் பெண்களில் யாராவது பந்தை முதல் தொடுகையிலேயே இழந்தால் ஒரு கோடு. எங்கள் 'டி'க்குள், அதாவது கோலின் முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள், காலில் பந்து பட்டால் ஒரு வட்டம். அவ்வளவுதான் நான் குறிக்க வேண்டியது. எண்ணுகிறவர்களால் கத்த முடியாது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

தொடக்க வாரங்களில் பக்கம் முழுவதும் கோடுகளாக இருந்தது. ஆண்கள் அணியின் இளையோருடனும் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுடனும் நடந்த பயிற்சி ஆட்டங்களில் நாங்கள் தொடர்ந்து தோற்றோம். ஆனால் கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்ற ஓர் ஆட்டத்தில், இரண்டாம் பாதியில் கோடுகள் முதல் பாதியில் இருந்ததில் பாதிகூட இல்லை. ஊரார் சொல்லும் மாற்றம் வருவாய் மாவட்டக் கோப்பையில் தெரிந்தது. எனக்கு அது யாரும் பார்க்க வராத அந்தத் தோல்விகளிலேயே தெரிந்துவிட்டது. எதிரணிகளின் பலம் குறைந்ததால் நாங்கள் வென்றோம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதற்கு இதுவே காரணம்: அந்த ஆட்டங்களில் எதிரணிகள் பலமாகத்தான் இருந்தன.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி மைதானம் கரிசல் மண்ணின் மேல் சரள் கொட்டிய இடம். வெயில் காலத்தில் பந்து கல்லில் பட்டுத் துள்ளும். ஐப்பசி மழையில் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், விளையாட முடியாது. துள்ளும் பந்துக்குப் பழகிய பிள்ளைகள் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்துக் கால்களையும் பின்னால் அரணாக வைத்துக்கொள்கிறார்கள்; பந்து காலில் படுகிறது; 'டி'க்குள் காலில் பட்டால் பெனால்டி கார்னர். என் நோட்டில் அத்தனை வட்டங்கள் விழுந்ததற்கு இந்தத் தரையே பெருங்காரணம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் செயற்கைப் புல்தரையில் வாரத்தில் இரண்டு காலை நேரங்கள் கிடைத்தபின் நிலைமை மாறியது. நீர் தெளித்த அந்தத் தரையில் பந்து கோடு கிழித்தாற்போல ஓடுகிறது. மட்டையைத் தரையோடு படுக்க வைத்து வாங்கலாம். கால்களை விலக்கி வைத்துக்கொள்ளலாம்.

செயற்கைப் புல்தரை வந்துதான் இந்திய ஹாக்கி அழிந்தது என்பது என் மாமனாரின் உறுதியான கட்சி. அவர் தலைமுறையில் பலருக்கும் அதுவே கட்சி. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடினார்கள். 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்றுவந்த இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்குப் போனது. "நம்ம பாஸ்கரன் தலைமையிலே 1980ல மாஸ்கோவுல தங்கம் வாங்கினோமே, அதுவும் செயற்கைத் தரைதானே மாமா" என்று நான் கேட்டால், அது வேறு கதை என்று பேச்சை மாற்றிவிடுவார். பேத்தி அந்தத் தரையில் விளையாடுவதைப் பார்க்க முதன்முறை வந்த அன்று, ஆட்டம் முடிந்ததும் கம்பி வேலிக்கு உள்ளே போய்த் தரையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

என் மகளைப் பற்றி இதுவரை எழுதவில்லை. அவள் நட்சத்திர ஆட்டக்காரி அல்லள், ரைட் பேக். இந்த ஆண்டு முழுவதும் ஒரு கோல்கூட அடித்தவள் இல்லை. அவள் இடக்கைக்காரி. சிறு வயதில் சோற்றுக் கையை மாற்றச் சொல்லி வீட்டில் பெரியவர்கள் பாடாய்ப் படுத்தியதுண்டு. ஹாக்கிக்குப் போனால் அங்கேயும் அதே கதை. பந்தை மட்டையின் தட்டையான முகத்தால் மட்டுமே தொடலாம் என்பது விதி. எல்லா மட்டைகளும் வலக்கைக்காரர்களுக்கு ஏற்றவாறே செய்யப்படுகின்றன. இடக்கை மட்டை என்று ஒன்று ஆட்டத்தில் கிடையாது. ஆனால் அக்கா அவளிடம் வேறொன்றைக் காட்டினார். மட்டையின் மேல் நுனியைப் பிடிப்பது இடக்கை. மட்டையைத் திருப்புவதும் புரட்டுவதும் அந்தக் கைதான். கீழே இருக்கும் வலக்கை தளர்வான பிடியாக மட்டுமே இருக்க வேண்டும். வலக்கைக்காரப் பிள்ளைகள் கீழ்க்கையால் மட்டையை இறுக்கிப் பிடித்துத் திணறிய இடத்தில், என் மகளுக்கு மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை எதிர்ப்பக்கம் இழுப்பது எளிதாக வந்தது. உறவினர் வீடுகளில் இதை நான் தேவைக்கு அதிகமாகவே சொல்லியிருக்கிறேன்.

பெனால்டி கார்னரைத் தடுக்கும்போது முதலாவதாக ஓடிப் பாய்கிற வேலை அவளுக்குத் தரப்பட்டது. தடுப்பவர்கள் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்டவுடன் முதல் ஓட்டக்காரி நேராக அடிப்பவளை நோக்கி ஓடி, பந்து புறப்படும் கோணத்தை அடைக்க வேண்டும். நூற்று அறுபது கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அது. முகக்கவசமும் முழங்கால் கவசமும் உண்டு என்றாலும், பெற்றவளாக அந்த ஓட்டத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ள என்னால் இன்னும் முடியவில்லை. கோல்கீப்பரின் கவசங்களைப் பற்றியும் ஒரு சொல்: முன்பு பள்ளியில் இருந்தவை பஞ்சு பிதுங்கிய பழைய பொருட்கள். இப்போது இருக்கும் தொகுப்பை வாங்கித் தந்தவர்கள் ஹாக்கியால் ரயில்வேயிலும் காவல்துறையிலும் வேலை பெற்ற இவ்வூர் முன்னாள் ஆட்டக்காரர்கள்.

குறுவட்டப் போட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்ற ஆண்டு எங்களுக்கு ஆறு கோல் அடித்த அதே பள்ளியை இறுதியில் இரண்டு கோல்களால் வென்றோம். வருவாய் மாவட்ட இறுதி ஆட்டம் அப்படி முடியவில்லை. மூன்றாம் கால்பகுதியில் நாங்கள் 2-1 என்று முந்தினோம். முதல் கோலைச் சென்டர் ஃபார்வர்டு அடித்தாள்; அவளைப் பற்றிய புகழ்ச்சி பொய்யில்லை. ஆனால் இரண்டாவது கோல் எப்படி வந்தது என்பதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: வலப்பக்கம் அடைபட்டது, என் மகளிடம் பின்னால் வந்தது, லெஃப்ட் பேக்குக்கு மாறியது, அங்கும் வழியில்லாமல் மீண்டும் பின்னால் வந்தது, எதிரணியினர் பொறுமை இழந்து இரண்டு பேர் முன்னால் ஏறிவந்தார்கள், அவர்கள் விட்டுவந்த இடத்தின் வழியாகச் சென்டர் ஹாஃப் ஒரே தள்ளலில் 'டி'வரை அனுப்பினாள். கோலில் முடித்தவள் அணியிலேயே சிறியவள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அந்த நேரத்தில் ஓரத்தில் நின்ற எங்கள் பெற்றோரில் ஒருவர்கூட "முன்னால அடி" என்று கத்தவில்லை.

ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. நேரம் முடிந்துவிட்டாலும் பெனால்டி கார்னர் ஆடி முடிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே கடிகாரத்துக்கு இனி வேலையில்லை. பந்து உள்ளே வந்தது, என் மகள் ஓடினாள், அடித்த பந்து அவள் முழங்காலுக்குக் கீழே பட்டது. ஐந்து மீட்டருக்குள் நெருங்கிய முதல் ஓட்டக்காரியின் முழங்காலுக்குக் கீழே பட்டால் மீண்டும் பெனால்டி கார்னர்; முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டிருந்தால் பந்து எங்களுடையதாகியிருக்கும். கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே மறுபடி போய்க் கோட்டுக்குப் பின்னால் நின்றாள். இரண்டாவது முறை கோல்கீப்பர் காலால் தடுத்தாள். திரும்பி வந்த பந்து எங்கள் பெண் ஒருத்தியின் பாதத்தில் பட்டது. மூன்றாவது பெனால்டி கார்னர். அப்போது என் மாமனார் எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவது முறை என் மகள் சற்று வலப்பக்கமாக வளைந்து ஓடி, மட்டையைத் தரையோடு படுக்க வைத்தாள். பந்து மட்டையில் பட்டு, 'டி'யைத் தாண்டி, அதற்கு அப்பாலும் நெடுந்தூரம் உருண்டு போனது. நடுவர் விசிலை நீளமாக ஊதினார். அந்தப் பக்கத்தில் எத்தனை கோடுகள், எத்தனை வட்டங்கள் என்று நான் கூட்டிப் பார்க்கவே இல்லை. அன்றைய பக்கம் பாதியில் நிற்கிறது.

மாநிலப் போட்டியின் காலிறுதியில் 0-3 என்று தோற்றோம். எதிரணியில் விளையாட்டு விடுதியில் தங்கி நாள்தோறும் இருவேளை பயிற்சி பெறும் பெண்கள் இருந்தார்கள். வேகத்திலும் உடல் வலுவிலும் எங்களைவிட வெகுதூரம் முன்னால் இருந்தார்கள். எங்கள் பெண்கள் பேருந்தில் சிறிது நேரம் அழுதார்கள், பிறகு சாத்தூரில் வண்டி நின்றபோது காரச்சேவு வாங்கச் சொல்லி நச்சரித்தார்கள்.

பத்தாம் வகுப்பில் போய் மட்டையா என்று கேட்கும் உறவினர்களுக்கு அரையாண்டு மதிப்பெண் பட்டியலைக் காட்டி வாயடைத்தாயிற்று. பொதுத்தேர்வு முடியும்வரை என்னாலும் அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. இப்போதைய கவலை வேறு. எங்கள் கோல்கீப்பர் வயது வரம்பைக் கடக்கிறாள். நேரு கோப்பைக்கான மாவட்டத் தேர்வுப் போட்டிக்குள் வேறொருத்தியைத் தயார் செய்ய வேண்டும். கோல்கீப்பர் மட்டையை வலக்கையில் பிடித்துக்கொண்டு, பறந்து வரும் பந்தைப் பெரும்பாலும் இடக்கை உறையால்தான் தடுக்க வேண்டும் என்பதால், இடக்கைக்காரிக்கு அது பொருத்தமான இடம் என்று அக்கா ஒரு யோசனையை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். மாமா கூடவே கூடாது என்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கவசப் பையை மகள் நேற்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதை வைக்க இடமில்லாமல் அரிசி மூட்டையை அடுப்பங்கரைக்கு நகர்த்தியிருக்கிறோம்.